தேவாங்கு முகத்தில் போட்ட பற்று

“நேத்தும் தலைவலி, இன்னிக்கும் தலைவலி. எனக்கும்தான் தலை இருக்கு, எனக்கும்தான் வலிக்குது. அதுக்காக நான் பொந்துக்குள்ள போயி முகத்தை மூடிக்கிட்டுப் படுத்துட்டேனா?”

கேட்டவள் மந்தி. மருதமரத்தின் கீழ்க்கிளையில் உட்கார்ந்திருந்தாள். மேலே பொந்துக்குள் கிடப்பவளுக்கும் கேட்க வேண்டும், ஓடைக்கரையில் மேய்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்கிற அளவில் குரலை வைத்திருந்தாள். பொந்துக்குள் கிடந்தவள் தேவாங்கு. வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பேசியதில் பாதி இப்படிக் குறையும் குத்தலுமாகத்தான் இருந்தது. பேச வாய் கிடைத்ததும் எல்லோரும் நல்ல வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் மட்டும் என்ன யோக்கியம்?

அந்தக் காலத்துத் தேவாங்கும் இன்றைய தேவாங்கு அல்ல. அவள் பகலில் திரிந்தவள். கிளைக்குக் கிளை தாவி அணிலையே மூச்சு வாங்க வைத்தவள். முகம் முழுக்க ஒரே வெளிர்நிறம். அதில் முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள் இரண்டு. அந்தக் கண்கள்தான் அவளுக்கு வினையாக வந்தன.

ஓடையை ஒட்டி நின்ற அந்த மருதமரம் காட்டுக்கே பொதுவீடு. பொந்துகளில் குட்டி வைத்திருப்பவர்கள், அடியில் நிழலுக்கு வந்து படுப்பவர்கள் என்று பல குடும்பங்கள். சிறுத்தை நடமாடும் இடம் என்பதால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். முறை வைத்து ஒருவர் உச்சிக்கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். சிறுத்தையின் வால்நுனி தெரிந்தாலும் கத்திவிட வேண்டும். காவல் பார்க்கிறவருக்குத்தான் மரத்தில் இடம். பார்க்காதவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியது. வேறு இடம் என்றால் ஓடைக்கு அப்பால் முட்காடு. அங்கே பொந்தும் கிடையாது, கத்திச் சொல்ல ஆளும் கிடையாது.

தேவாங்குக்குப் பால்குடி மறக்காத குட்டி ஒன்று இருந்தது. எப்போதும் அவள் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி தொங்கும். மரத்தில் இடம் போனால் அந்தக் குட்டி என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். தலை பிளக்கிறபோதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். இந்த நினைப்பே வலியை இன்னும் கொஞ்சம் ஏற்றியது. வலி ஏறினால் பயம், பயந்தால் வலி. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? காற்று புழுதியை வாரி முகத்தில் இறைத்தது. ஓடை ஒடுங்கி ஒரு குட்டையாக நின்றுவிட்டது. சிறுத்தைக்கும் தண்ணீர் அங்கேதான். பயத்தில் பாதிப் பேர் சரியாகத் தூங்கவில்லை, மீதிப் பேர் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை.

காவல் முறையைப் பிரித்துக் கொடுத்தவள் மந்தி. வைத்தியமும் அவளேதான். கேட்டு வாங்கிய பதவி எதுவும் இல்லை, குரல் பெரிதாக இருந்ததால் வந்து சேர்ந்தது. பாறைக்குழி ஒன்றில் காய்ந்த காட்டிஞ்சியும் மிளகும் கடுக்காயும் போட்டு, கூழாங்கல்லால் மை போல அரைத்து ஒரு பற்று வைத்திருப்பாள். கருஞ்சிவப்பாக இருக்கும். பக்கத்தில் போனாலே கண் எரியும்.

முதலில் அவளிடம் வந்தவன் காட்டுப்பன்றி.

“மந்தியக்கா, கன்னமும் நெத்தியும் கல்லைக் கட்டுன மாதிரி கனக்குது. கிழங்கு தோண்டக் குனிஞ்சா மூஞ்சியே கழண்டு விழுந்துடும் போல இருக்கு.”

புழுதியில் மூக்கு அடைத்துக் கிடந்தவன் அவன். மந்தி நெற்றியில் பற்றை அப்பினாள். காரம் ஏறி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டி, அடைப்பு விட்டது. கனம் இறங்கியது. இது உண்மையாகவே பற்று செய்த வேலை. சளி கோத்த தலைக்குச் சூடும் ஆவியும் இதமாக இருக்கும். மந்திக்குச் சேர வேண்டிய பெயரை நான் எதற்கு மறைக்கப் போகிறேன்?

அடுத்து கரடி வந்தான். “தலையைச் சுத்திக் கொடியைப் போட்டு யாரோ இறுக்குற மாதிரி இருக்கு. பின்கழுத்துல இருந்து ஏறுது.”

பகல் முழுக்கத் தேனடையைத் தேடி அண்ணாந்தே நடக்கிறவனுக்குக் கழுத்து வேறு எப்படி இருக்கும்? பொழுது இருட்டினால் சிறுத்தையை நினைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மந்தி பற்றுப் போட்டு, “காயிற வரைக்கும் அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, வெடிச்சிடும்” என்று சொல்லி ஈரப்பாறையில் கழுத்தை வைத்துப் படுக்க வைத்தாள். பேசாமல், அண்ணாந்து பார்க்காமல், கவலைப்பட நேரமில்லாமல் அவன் அரைப்பகல் தூங்கினான். எழுந்தபோது வலி இல்லை. கழுத்து இளகியதும் உடம்பு ஓய்ந்ததும் யார் கண்ணிலும் படவில்லை. நெற்றியில் இருந்த பற்றுதான் பட்டது. அதற்குப் பிறகு கரடி தினமும் பற்றுக்கு வந்து நின்றான். ஒருநாள் போடாவிட்டால் அதற்காகவே வலித்தது. வலித்ததால் போட்டுக்கொண்டான். இது எங்கே போய் முடியும் என்று அவனும் கேட்கவில்லை, மந்தியும் கேட்கவில்லை.

பிறகு மான். “கிறுகிறுன்னு வருது அக்கா. எழுந்து நின்னா மண்டைக்குள்ள துடிக்குது.”

நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு. குட்டைப் பக்கம் போகப் பயந்து, முதல்நாளிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பற்று காய்ந்து அரிப்பெடுத்ததும் கழுவுவதற்காக வேறு வழியில்லாமல் குட்டைக்குப் போனாள். குனிந்தவள் வயிறு நிறையக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. “மந்தியக்காவுக்கு என்ன கைராசி” என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குடித்த தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை.

மூன்று பேருக்கும் மூன்று விதமான வலி. போட்டது ஒரே பற்று. மூன்று பேரும் எழுந்து நடந்துவிட்டார்கள். இதற்கு மேல் மந்திக்கு யார் எதைச் சொல்லிப் புரிய வைப்பது? தலைவலி என்றால் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான், அதில் குணமாகாதவர் நடிக்கிறார் என்று காடே முடிவு செய்துவிட்டது.

நல்லவேளையாக அந்தக் கோடையில் வேறொரு வலி யாருக்கும் வரவில்லை. இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி. கூடவே வாய் குளறும், ஒரு பக்கம் கை தொங்கும், அல்லது காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்ளும். அதற்குப் பற்றும் கிடையாது, காலையில் பார்க்கலாம் என்ற பேச்சும் கிடையாது. தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான். அது வந்து, அதற்கும் மந்தி பற்று அரைத்துக்கொண்டிருந்தால், இந்தக் கதை இவ்வளவு நீளாது.

தேவாங்குக்கு வந்தது இவை எதுவுமே இல்லை.

கீழே நின்று கத்திப் பலனில்லை என்று மந்தி மேலே ஏறிப் பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் வந்த வெயில் உள்ளே விழுந்தது. தேவாங்கு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க வலிக்குது?”

“இடது பக்கம் மட்டும், அக்கா. கண்ணுக்குப் பின்னாடி. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“வலது பக்கம்?”

“அங்க வலிக்கல.”

“அப்ப வலிக்காத பாதித் தலையை வச்சுக் காவல் பாரு.”

கீழே கரடி சிரித்தான். நெற்றியில் பற்று காய்ந்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“சிரிக்காதீங்க அண்ணே, சத்தம் குத்துது,” என்றாள் தேவாங்கு. பிறகு மந்தியிடம் மெல்லச் சொன்னாள். “வெளிச்சம் பட்டா தாங்கல, அக்கா. குமட்டுது. வலிக்கு முன்னாடி, சிலசமயம் வலிக்கு நடுவுலயும், கண்ணோரத்துல கோணல்மாணலா ஒண்ணு மினுங்கும். மினுங்கி மினுங்கிப் பெருசாயி, இடது பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது. மரம் இருக்கும், ஆனா எனக்குத் தெரியாது.”

“கண்ணுக்குள்ள மினுக்கட்டாம்பூச்சி குடியிருக்காக்கும். அடுத்து என்ன, காதுக்குள்ள குயில் வந்து கூவுமா?”

“இருட்டுல, சத்தமில்லாம கொஞ்சம் கிடந்தா போதும். தூங்கி எழுந்தா சரியாயிடும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும். ராத்திரிக் காவல் நான் பார்க்கறேன், அக்கா. விடிய விடியப் பார்க்கறேன்.”

“ராத்திரிக்கு யாரு காவல் கேட்டா? ராத்திரி எல்லாரும் பொந்துல இருக்கோம். தண்ணி குடிக்க இறங்கறது பகல்லதான். உச்சிக்கு ஆள் வேணும், இப்ப வேணும்.”

“மினுக்கு வந்துட்டா இடது பக்கம் எனக்குத் தெரியாதுக்கா. சிறுத்தை அந்தப் பக்கமா வந்தா நான் என்ன செய்வேன்?”

மந்தி குனிந்து குட்டைப் பக்கம் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். அவள் குட்டி இப்போதுதான் தனியாகத் தரையிறங்கப் பழகியிருந்தது. முதல்நாள் இரவு குட்டையோரம் புதிதாகச் சிறுத்தையின் கால்தடம் பதிந்திருந்ததைக் காலையில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பயந்தவர்கள் அதட்டுவார்கள். அதட்டினால் பயம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

“பயமுறுத்தற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். உன் தலைவலிக்கு நான் ஒருத்தி காவல் பார்த்துக்கிட்டே இருக்க முடியாது. ஏறு. இல்லைன்னா குட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பு. ரெண்டுல எது?”

தேவாங்கு குட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏறறேன், அக்கா. பற்று மட்டும் வேண்டாம். அந்த வாசனைக்கே எனக்குக் குடல் புரளுது.”

“மருந்து வேண்டாங்கறவளுக்கு வியாதி எங்க இருந்து வரும்?” என்றாள் மந்தி. “எல்லாருக்கும் போட்டேன், எல்லாரும் எழுந்து நடக்கறாங்க. உனக்கு மட்டும் தனி உடம்பா?”

சொல்லிக்கொண்டே இலையில் கொண்டுவந்திருந்த பற்றை விரலில் வழித்தாள். மற்றவர்களுக்கு நெற்றியில்தான் போட்டாள். தேவாங்குக்கு அப்படிப் போடவில்லை. காவலில் கண் சொக்கிவிடக் கூடாது என்று, இடது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம், வலது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் அழுத்தி இழுத்துவிட்டாள். விரல்கள் மூக்குத்தண்டிலும் ஏறி இறங்கின. தேவாங்கு கையைத் தடுக்கவில்லை. தடுத்தால் பொந்து போய்விடும்.

செய்ததெல்லாம் அவ்வளவுதான். உடனே மந்தி கீழே இறங்கி, குட்டைக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் குரல் கொடுத்துவிட்டாள்.

தேவாங்கு உச்சிக்கிளைக்கு ஏறினாள். இலையில்லாத கிளை அது. வெயில் நேராக முகத்தில் இறங்கியது. கண்ணைச் சுற்றிப் பற்று எரிந்தது. காட்டிஞ்சி நெடி மூக்கில் ஏறியது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். அவள் கண்களை மூடவில்லை. மூடினால் நன்றாக இருக்கும் என்று தெரிந்தும் மூடவில்லை. வலது கரையைப் பார்த்தாள். தலையை அசைக்காமல், உடம்போடு சேர்த்து மெல்லத் திருப்பி இடது கரையைப் பார்த்தாள். மறுபடி வலது.

வயிற்றில் தொங்கிய குட்டி விழித்துக்கொண்டு அம்மாவின் முகம் என்னவோ ஆகியிருப்பதைப் பார்த்தது. ஏறி வந்து நாக்கால் துடைக்க முயன்றது. அதன் சின்ன நாக்குக்கு எட்டியது இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்குத்தண்டு மட்டும்தான்.

“அம்மா, கசக்குது.”

“நக்காதடா தங்கம். ஆடாம இரு. அம்மா பார்க்கணும்.”

அப்போதுதான் கண்ணோரத்தில் அது மினுங்கியது. ஒரு புள்ளி. பிறகு உடைந்த வளையல் துண்டு போல ஒரு வளைவு. வளைவு அகன்று, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக நடுங்கியது. இடது கரை இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. இருட்டு என்றாலாவது இருட்டு என்று தெரியும். இதில் அதுவும் இல்லை.

“அக்கா,” என்று கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. “அக்கா, வந்துடுச்சு. இடது பக்கம் யாராவது பாருங்க.”

கீழே தண்ணீரில் இறங்கிய சந்தோஷத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் தலையை வேகமாக இடப்பக்கம் திருப்பினாள். உலகம் சுழன்றது. கிளையைப் பிடித்துக்கொண்டு குமட்டலை விழுங்கினாள். இடது பக்கத்துக் கோரையில் ஏதோ சரசரத்தது. தலைக்குள் அடிக்கும் சத்தத்தில் எது வெளியே, எது உள்ளே என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வலியாக இருக்கும் என்று நினைத்தாள். வலியாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மான் குட்டையில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பற்று குணமாக்கியதிலிருந்து அவளுக்குக் குட்டைப் பயம் விட்டுப்போயிருந்தது. மேலே காவல் இருக்கிறது, கீழே மந்தியக்கா இருக்கிறாள்.

சிறுத்தை இடது கரையிலிருந்து வந்தது.

தேவாங்கு கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் கலங்கி, சிவந்து, மெல்லத் தெளிந்தது. கோரைக்குள் ஏதோ இழுபடும் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அவள் இறங்கினாள். தாவவில்லை. தாவினால் தலை தெறிக்கும். ஒரு கையை எடுத்து வைத்து, பிடி சரியா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த கை. ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு உயிர் இறங்கி வந்ததை இறங்கி முடிக்கிறவரை யாரும் கவனிக்கவில்லை.

மரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். மந்தி தன் குட்டியை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்களில் இன்னும் பற்று.

“கண்ணு ரெண்டும் திறந்துதான இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“திறந்துதான் இருந்துச்சு, அக்கா.”

“அப்புறம் ஏன் பார்க்கல?”

“சொன்னேனே, அக்கா.”

காட்டுப்பன்றி தரையைப் பார்த்தான். கரடி வாயைத் திறந்தான். பற்று வெடிக்குமே என்றோ என்னவோ, மூடிக்கொண்டான். அவள் சொன்னதை இவர்கள் எல்லோரும் கேட்டவர்கள்தான். ஆனால் அவள் சொன்னது நிஜம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், மானைப் பலிகொடுத்தது யார் என்ற கேள்வி அடுத்து வரும். அதனால் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தலைவலியைக் கண்ணால் பார்க்க முடியாததில் மற்றவர்களுக்கு இருக்கும் வசதி இது ஒன்றுதான்.

“பொந்தைக் காலி பண்ணு,” என்றாள் மந்தி.

தேவாங்கு அழவில்லை. அழுதாலும் தலை வலிக்கும். குட்டையோரம் போய் முகத்தைக் கழுவினாள். காரம் போயிற்று. நெடியும் போயிற்று. கடுக்காய்க் கறை போகவில்லை. எத்தனை தேய்த்தும் கண்ணைச் சுற்றி இரண்டு கருவட்டங்கள் அப்படியே நின்றன. குட்டி நக்கிய மூக்குத்தண்டு மட்டும் நடுவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நக்கும்போது முகத்தோடு முகம் உரசியதில் குட்டிக்கும் அந்தக் கறை ஒட்டிக்கொண்டது.

திரும்பி மரத்தடிக்கு வந்தாள். வெயில் உச்சியில் நின்றது. முட்காடு ஓடைக்கு அப்பால், நிழலே இல்லாத மணலைத் தாண்டி இருந்தது. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு மந்தியிடம் ஒன்று கேட்டாள். மந்தி மரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. காட்டுப்பன்றி எதையோ தோண்டப் போய்விட்டான். கரடிக்குப் பற்றுப் போடும் நேரம்.

உச்சிக்கிளைக்கு அதன்பிறகு வேறு யாரையும் அனுப்ப மந்திக்குத் தைரியம் வரவில்லை. அவளே ஏறி உட்கார்ந்தாள். அவள் வம்சம் இன்றைக்கும் உச்சிக்கிளையிலிருந்து நாலு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கத்துகிறது. கீழே மான்கள் அந்தக் குரலை நம்பித்தான் மேய்கின்றன. பற்றும் நின்றபாடில்லை. எந்தத் தலைவலிக்கும் ஒரே தைலத்தை நீட்டுகிற கை எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணீர் குடித்தாயா, தூங்கினாயா, வெளிச்சம் கூசுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் அந்தக் கைக்கு வாய் கிடையாது.

அந்தப் பகலோடுதான் தேவாங்கு பகலை விட்டது. கண்ணைச் சுற்றிய கறை தலைமுறைக்கும் ஊறிப்போனது. இருட்டிய பிறகுதான் வெளியே வரும். இலை அசையாமல், தலை குலுங்காமல், ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து நடக்கும். தப்பித் தவறி முகத்தில் வெளிச்சம் பட்டால் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். அன்று மரத்தடியில் நின்று கேட்டதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“பொழுது சாயற வரைக்கும் மட்டும் உள்ள இருந்துக்கட்டுமா, அக்கா?”